கறிவேப்பிலைச் செடியில் ஒரு காடு

காமிரா வாங்கியாயிற்று. சின்னஞ்சிறு பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் "மாக்ரோ" லென்ஸும் வாங்கியாயிற்று. முதல் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் ஒரு செம்பருத்திப் பூவைப் படம் பிடித்தாயிற்று. இரண்டாவது ஞாயிறு இன்னொரு செம்பருத்திப் பூ. மூன்றாவது ஞாயிறு?

"எடுப்பதற்கு நம் தெருவில் என்ன ஸார் இருக்கிறது? ஊட்டி, வால்பாறை என்று போனால் ஏதாவது கிடைக்கும்" என்ற பெருமூச்சோடு லென்ஸ் பீரோவுக்குள் போய்விடுகிறது. புதிதாக இந்தக் கலையில் இறங்குகிற அநேகருடைய கதை இதுதான். பணம் போட்டது வீண் என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. கண்ணுக்கெதிரே நடக்கும் ஆயிரம் நாடகங்களைப் பார்க்காமலே, "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோமே, அதுதான் நஷ்டம்.

உண்மையில், சிறியதைப் பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்கு உலகம் விரிந்துகொண்டே போகும். யானையைப் படமெடுக்க முதுமலைக்குப் போகவேண்டும். எறும்பைப் படமெடுக்கச் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் போதும்!

எது மாக்ரோ?

கிட்டத்தில் போய் எடுக்கும் படமெல்லாம் மாக்ரோ ஆகிவிடாது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டு, காமிராவுக்குள் இருக்கும் சென்ஸார் தகட்டின் மீதும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கே விழுந்தால், அதை உண்மை அளவுப் படம் என்பார்கள். கலைஞர்கள் கண்டிப்பாக மாக்ரோ என்று ஒப்புக்கொள்வது அதைத்தான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் இந்தக் கணக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இப்போது பல கைபேசிகளிலேயே சில சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் வசதி இருக்கிறது. கைபேசியின் மேல் மாட்டிக்கொள்ளும் சிறு லென்ஸ்களும் கிடைக்கின்றன. பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வீட்டில் கிடந்தால், அதற்கென்று விற்கும் வளையத்தின் உதவியால் காமிராவில் தலைகீழாகத் திருப்பி மாட்டி, ஏறக்குறைய உண்மை அளவையே எட்டிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கவேண்டியது ஒன்று உண்டு: ஒரு பூதக் கண்ணாடி. படம் எடுப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்குக் குறைவாக இருப்பது லென்ஸ் அல்ல, பார்வைதான்.

இரண்டு பிடிவாதக்காரர்கள்

1865-ம் ஆண்டு உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்தவர்கள் அல்ல. ஆனால் "எதை எடுப்பது?" என்ற கேள்விக்கு இருவரும் ஒரே விதமான விடையைக் கண்டுபிடித்தார்கள்.

ஒருவர் வில்ஸன் பென்ட்லி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரின் குடியானவர். மாரிக்காலம் வந்தால் ஊரெல்லாம் பனி மூடிக் கிடக்கும். மற்றவர்களுக்கு அது வாரிக் கொட்டவேண்டிய தொல்லை. பென்ட்லிக்கோ அதுவே பொக்கிஷம். தாயார் கொடுத்த மைக்ராஸ்கோப்பில் 15 வயதில் பனித்துகளைப் பார்த்து மயங்கியவர், பிறகு காமிராவை மைக்ராஸ்கோப்போடு இணைத்து, 1885-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு பனித்துகளின் படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. மூச்சுக் காற்றுப் பட்டாலே உருகிவிடும் பொருள் அது! அதைக் கருந்தட்டில் ஏந்தி, ஒரு துரும்பினால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, உருகுவதற்குள் எடுத்தாக வேண்டும். அப்படி 5,000-க்கு மேற்பட்ட பனித்துகள்களை எடுத்தார். அவற்றில் 2,400-க்கு மேற்பட்ட படங்களைக் கொண்ட புத்தகம் 1931-ல் வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார்.

மற்றவர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். ஜெர்மனியில், பெர்லின் நகரக் கலைப் பள்ளியில் ஆசிரியர். மாணவர்களுக்குச் சித்திர வேலைப்பாடு சொல்லித் தருவதற்காகச் செடிகளைப் படமெடுத்தார். ரோஜாவையும் லில்லியையும் தேடி அலையவில்லை. சாலை ஓரத்திலும் ரயில் பாதைச் சரிவிலும் தானாக முளைத்த களைச் செடிகளைப் பறித்து வந்தார். தாமே அமைத்த காமிராவினால் அவற்றின் குருத்து, காய், தண்டு முதலியவற்றைப் பல மடங்கு பெருக்கினார். சுருண்டிருக்கும் பெரணிக் குருத்து அவர் படத்தில் இரும்புக் கொல்லர் செய்த அலங்காரக் கம்பிபோல் நிற்கும். இந்த வேலையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தார். 1928-ல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 63. ஒரே நாளில் கலை உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? இருவரும் தங்கள் பொருளைத் தேடி ஊர் ஊராகப் போகவில்லை. வாசலில் கிடந்ததை எடுத்துக்கொண்டார்கள். அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஜெரிக்கோவுக்குப் பனி எப்படியோ, அப்படி நமக்கும் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்?

முதல் பள்ளி அடுக்களை

ஓடுகிற பூச்சியைத் துரத்துவதற்கு முன், ஓடாத பொருளில் கை பழகவேண்டும். அதற்கு அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறந்த பாடசாலை இல்லை.

கடுகை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு வழவழவென்று உருண்டையாகத் தெரிகிறது. பெருக்கிப் பார்த்தால் அதன் தோல் முழுவதும் மெல்லிய வலை பின்னியிருக்கும். கசகசா இன்னும் விசித்திரம். ஒவ்வொரு விதையும் ஒரு சிறிய சிறுநீரக வடிவம்; மேலே தேன்கூடு போன்ற கட்டங்கள். சீரகத்தில் வரிவரியாக மேடுகள். மிளகின் மேல் மலைத்தொடர்கள். கல்லுப்பை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்தால், கனசதுரங்களும் படிக்கட்டுகளுமாக ஒரு கண்ணாடி மாளிகை எழும்பும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை நட்சத்திரம். அதன் தோலிலோ சின்னச் சின்ன ரோமங்கள்.

இங்கேதான் மாக்ரோ கலையின் முதல் சங்கடமும் தெரியவரும். உண்மை அளவுப் படத்தில், 36 மில்லிமீட்டர் அகலச் சென்ஸார் உள்ள காமிராவில், லென்ஸின் துவாரத்தை எஃப் 8 என்ற அளவில் வைத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்! கடுகின் முன்புறம் தெளிவாக இருந்தால் பின்புறம் மங்கிவிடும். துவாரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஆழம் கூடும். ஆனால் மிகவும் குறைத்தால் ஒளி சிதறி, படம் முழுவதுமே மழுங்கிவிடும். எஃப் 8-லிருந்து 11 வரை வைத்துக்கொள்வது தொடங்குகிறவருக்குப் பத்திரம்.

ஆகவே, எதைக் கூர்மையாகக் காட்டவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். தட்டையான பொருளானால் அதற்கு நேர் இணையாகக் காமிராவைப் பிடிக்கவேண்டும். உயிருள்ளதானால் கண்ணுக்குக் குறிவைக்கவேண்டும். கண் தெளிவாக இருந்தால் மற்ற இடங்கள் மங்கியிருந்தாலும் மனம் மன்னித்துவிடும். லென்ஸின் வளையத்தைத் திருகிக்கொண்டிராமல், உடம்பை முன்னும் பின்னும் ஒரு மயிரிழை அசைத்துக் குறியைப் பிடிப்பதே அனுபவஸ்தர்களின் வழக்கம்.

ஒரு பயிற்சி: ஒரே கடுகு, பத்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வரட்டும். பத்தாவது படம் வரும்போது, "எடுக்க ஒன்றுமில்லை" என்ற பேச்சு தானாக நின்றுவிடும்.

கொல்லைப்புற வனவிலங்கு

இப்போது கொல்லைக்கு வருவோம். தோட்டமே இல்லாத வீட்டிலும் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை இருக்கும். ரசத்துக்கு இரண்டு இலை கிள்ளுவதோடு அந்தச் செடியோடு நம் உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு தொடக்கக்காரருக்கு ஒரு மாதம் முழுவதும் வேலை கொடுக்க அந்த ஒரு செடி போதும்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பத்தை நம்பிப் பிழைக்கும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் நம் ஊர்களில் சர்வ சாதாரணம். ஒன்று, கறுப்பும் வெளிர் மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. மற்றது ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்று பெயர் பெற்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி. தாய்ப்பூச்சி செடியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். இலையின்மேல் அமர்ந்து முன்கால்களால் படபடவென்று தட்டும். விளையாட்டல்ல அது. காலாலேயே ருசி பார்க்கிறது! "இது என் குழந்தைக்கு ஏற்ற இலைதானா?" என்று பரீட்சை. திருப்தி ஏற்பட்டால் ஒரு முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும். இளங்குருத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில், முத்துப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் முதல் "வனவிலங்கு" அதுதான். அது ஓடாது, பறக்காது, கடிக்காது. சில நாள் அங்கேயே இருக்கும்.

பிறகு புழு வெளிவரும். தான் கிடந்த முட்டை ஓட்டைத் தின்பதே அதன் முதல் போஜனம். வளர வளர நாலு தடவை சட்டை உரிக்கும். இளம் பருவங்களில் அதைக் கண்டால், ஏதோ குருவி எச்சமிட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றுதான் தோன்றும். பழுப்பும் வெள்ளையும் பளபளப்பும் அச்சு அசல் அப்படியே! எச்சத்தை எந்தப் பறவையாவது தின்னுமா? அதுதான் சூட்சுமம். கடைசிப் பருவத்தில் வேஷம் மாறுகிறது. இலையின் பச்சை நிறத்தில் கொழுகொழுவென்று ஆகி, தோளில் இரண்டு பெரிய கண்களோடு குட்டிப் பாம்புபோல் விறைத்துப் பார்க்கும். அவை கண்களே அல்ல. வெறும் வர்ணப் பொட்டுகள். உண்மைக் கண்கள் கீழே தொங்கும் தலையின் இருபுறமும் ஆறாறு சிறு புள்ளிகளாக இருக்கும். பூதக் கண்ணாடியில் தேடினால் தெரியும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே ஒரு காரமான வாடையும் வரும். எதிரியை விரட்டும் ஆயுதம் அது. அதைப் படமெடுக்கவேண்டும் என்பதற்காகப் புழுவைக் குத்திக்கொண்டே இருக்காதீர்கள். சாப்பிடவேண்டிய நேரத்தில் அதைச் சண்டை போட வைக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு ஒருநாள் புழு தின்பதை நிறுத்தும். காம்பில் ஒரு பட்டு நூலை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். தென்னை மரம் ஏறுகிறவர் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல் சாய்ந்துகொள்ளும். அப்படியே கூட்டுப்புழுவாக மாறிவிடும். பச்சை இலைகளின் நடுவே இருந்தால் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பாகவும் இருக்கும். பத்து நாள் போல் பொறுத்திருந்து, கூட்டின் தோல் கறுத்து, உள்ளே சிறகின் வண்ணம் தெரியும்போது காமிராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறுநாள் காலையில் பூச்சி வெளிவந்துவிடும். கசங்கிய கைக்குட்டைபோல் இருக்கும் சிறகுகள் உங்கள் கண்ணெதிரே விரியும். அப்போது முகத்தை உற்றுப் பாருங்கள். தேன் உறிஞ்சும் குழல் பிறக்கும்போது ஒரே குழலாக இருப்பதில்லை. இரண்டு பாதிகளாக இருக்கிறது. அவற்றைச் சுருட்டியும் நீட்டியும் பூச்சியே ஒன்றாக இணைத்துக்கொள்கிறது. சிறகு காயும்வரை அது பறக்காது. சிறகின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் செதில்களைப் படமெடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

எல்லாக் கூடும் இப்படிச் சுபமாக முடியும் என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் ஒரு சிறு துவாரம் விழும். வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் பொடிப் பொடியான குளவிகள் வரிசையாக வெளியேறும். உள்ளே இருந்த உயிரைத் தின்று வளர்ந்தவை அவை. மனம் சங்கடப்படத்தான் செய்யும். ஆனால் அதுவும் இயற்கையின் கணக்குதான். அதையும் எடுத்து வையுங்கள்.

இதில் வீட்டுக்குள் ஒரு வழக்கு எழும் என்பதும் நிச்சயம். "இருக்கிற நாலு கொத்தையும் புழு தின்றுவிட்டால் ரசத்துக்கு என்ன செய்வது?" என்று அம்மா கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. சமாதான ஒப்பந்தம் எளிது. ஒரு கிளை புழுவுக்கு, மற்றவை சமையலுக்கு. அந்த ஒரு கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். அதற்கு மருந்து தெளிப்பதில்லை, கிள்ளுவதில்லை என்று குடும்பத்தோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு நூல் ஓர் உயிரின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

திண்ணையடிப் பள்ளங்கள்

தாழ்வாரத்தின் ஓரத்திலோ மாடிப்படியின் அடியிலோ மழை படாத புழுதி இருந்தால், அதில் புனல் புனலாகச் சிறு பள்ளங்கள் தெரியும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குழியானை! பேர்தான் யானை; ஆள் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். பின்பக்கமாகவே நடந்து, சுழன்று சுழன்று மணலை வாரி எறிந்து அந்தக் குழியைத் தோண்டுகிறது. பிறகு அடியில் அரிவாள் போன்ற தாடைகளை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. குழியின் சரிவு, மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லையிலேயே அமைந்திருக்கும். ஓர் எறும்பு கால் வைத்தால் போதும், மணல் சரியும். எறும்பு ஏறப் பார்த்தால் கீழேயிருந்து மணல் மாரி பொழியும்!

இந்தக் குழியானை முழுவளர்ச்சி அடைந்ததும், தட்டான் போன்ற நீண்ட சிறகுகளோடு பறந்துவிடும். இரவில் விளக்கைத் தேடி வருவதும் உண்டு. தட்டானுக்கு மீசை இருப்பதே தெரியாது. இதற்கோ நுனி தடித்த மீசை நன்றாகத் தெரியும். அதைக்கொண்டு அடையாளம் காணலாம்.

குழியைப் படமெடுக்க மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒரு வட்டம்தான் கிடைக்கும். வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, காமிராவை மண்ணோடு மண்ணாக வைத்து, காலை எட்டு மணிக்குள் சாய்வெயில் விழும்போது எடுங்கள். ஒரு பாதி நிழலும் ஒரு பாதி ஒளியுமாக அது எரிமலை வாய்போல் காட்சியளிக்கும். சட்டை அழுக்காவதற்கு அஞ்சுகிறவர்களுக்கு இந்தக் கலை ஏற்றதல்ல.

எருக்கும் மாமரமும்

தெருக்கோடியில் எருக்கஞ்செடி இருக்கிறதா? அதுவும் ஒரு ராஜ்யம். பூவின் நடுவே ஐந்து முனையுள்ள கிரீடம். இலைக்கடியில் மஞ்சள் நிற அசுவினிகளின் கூட்டம். அவை சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் பால்காரர்போல் வந்து போகும். அந்த அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருக்கும். அது ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. செடியின் பால் நஞ்சு; அதைத் தின்றே வளர்வதால் புழுவும் பறவைகளுக்குக் கசப்பு.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறு எறும்புகளைக் கண்டால் கொஞ்சம் எட்டி நின்றே பாருங்கள். கடித்தால் தெரியும் சேதி! அந்தக் கூட்டத்தில் ஓர் எறும்பு மட்டும் தனியாக நடக்கிறதா? கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அது எறும்பே அல்ல. எறும்பு வேஷம் போட்ட சிலந்தி! முன்னங்கால்களைத் தூக்கி மீசைபோல் ஆட்டிக்கொண்டு போகும். காமிராவில் பெருக்கிப் பார்க்கும்போதுதான் பலர் முதல்முறையாக இந்த மோசடியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வீட்டுச் சுவரில் வலை கட்டாமல் தாவித் தாவி ஈ பிடிக்கும் சிறு சிலந்தியோ, தொடக்கக்காரரின் உற்ற தோழன். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டும் பெரியவை. நீங்கள் நெருங்கினால் ஓடாமல் திரும்பி நின்று உங்களைப் பார்க்கும். இவ்வளவு சின்ன உயிர் நம்மை நிமிர்ந்து பார்க்கிறதே என்ற எண்ணம் ஒருமுறை ஏற்பட்டால், பிறகு ஒட்டடைக் கோலை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.

மழையும் பனியும்

கோடை வறட்சிக்குப் பின் முதல் நல்ல மழை பெய்ததும் புன்செய் ஓரங்களில் சிவப்புப் பட்டுத் துணியை வெட்டிப் போட்டதுபோல் சின்ன உருண்டைகள் ஊர்ந்து போகும். பட்டுப் பூச்சி, தம்பலப் பூச்சி, இந்திரகோபம் என்று ஊருக்கு ஒரு பெயர். சங்கப் புலவர்கள் இதை "மூதாய்" என்று அழைத்துக் கார்காலத்தின் அடையாளமாகப் பாடியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் காமிரா இல்லாமலே மாக்ரோ பார்வை பார்த்தவர்கள் நம்மவர்கள்! எட்டுக் கால் உள்ள இது பூச்சி இனமல்ல. உண்ணி வகையைச் சேர்ந்தது. மேலே சில நாட்கள்தான் காணும். தவறவிட்டால் அடுத்த மழைக்குத்தான்.

மார்கழிக் காலையில் புல் நுனியில் ஒற்றை முத்தாக நிற்கும் நீரைப் பனித்துளி என்கிறோம். அநேக சமயம் அது வானத்திலிருந்து வந்ததல்ல. புல்லே இரவில் வேரால் இழுத்த நீரை நுனியில் கசியவிட்டது. அந்தத் துளியே ஒரு லென்ஸ். அதற்குப் பின்னால் ஒரு பூவை வைத்துப் பாருங்கள். துளிக்குள் பூ தலைகீழாகத் தெரியும். செலவில்லாத லென்ஸ், செலவில்லாத காட்சி!

பூச்சிகளைத் தேடவும் அதிகாலையே நல்லது. உடம்பு சூடேறாததால் அவை மந்தமாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழுந்து படத்தைக் கெடுக்கும். அப்போது செடிக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் போதும். ஃப்ளாஷ் விளக்கு உபயோகிப்பவர்கள் அதன் முன்னால் ஒரு டிரேஸிங் காகிதத்தை மாட்டிக்கொள்வது நலம்.

படமா, உயிரா?

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். பூச்சி அசையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்கிறவர்கள் உண்டு. கொன்று, பசை போட்டு ஒட்டி, உயிரோடு இருப்பதுபோல் எடுக்கிறவர்களும் உண்டு. படத்தைப் பார்த்து ஆயிரம் பேர் "ஆஹா" என்று சொல்லலாம். ஆனால் அந்தப் படம் சொல்வது பொய். அந்தப் பூச்சி அப்படி உட்காரவும் இல்லை. அந்தப் பூவுக்கு வரவும் இல்லை.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானையோடு சில வண்ணத்துப்பூச்சிகளும் இடம் பெற்றிருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைப்பதே குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நிஜமாகவே பொறுத்திருந்து எடுத்த ஒரு சுமாரான படத்துக்கு இருக்கும் மதிப்பு, மோசடியான அழகுக்கு இல்லை. அதில் இடமும் நாளும் உண்மை. எந்தப் பூச்சி எந்த மாதத்தில் எந்தச் செடிக்கு வருகிறது என்று அறிய விரும்பும் விஞ்ஞானிகளுக்கு, அப்படிப்பட்ட சாதாரண மனிதர்களின் படங்கள் இன்று பயன்படுகின்றன. 2008-ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத் தளத்தில், படத்தோடு இடத்தையும் தேதியையும் குறித்துப் போட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுகிறார்கள். நாள் குறிக்காத படம் வெறும் அலங்காரம். நாள் குறித்த படம் ஒரு சாட்சி.

ஆகவே காமிராவோடு ஒரு நாலணா நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். நாலணா இப்போது செல்லாது என்றாலும், நோட்டு செல்லும்! தேதி, நேரம், செடி, பார்த்தது என்ன என்று நாலு வரி எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால், அடுத்த வருஷம் "எதை எடுப்பது?" என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை. உங்கள் தெருவின் பஞ்சாங்கமே உங்கள் கையில் இருக்கும்.

நாளைக் காலை ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை கிள்ளப் போகும்போது, அவசரப்படாமல் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கொத்தை விட்டுவிட்டு அடுத்த கொத்தைப் பறித்துக்கொள்ளுங்கள். ரசம் ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு நிதானமாகக் காமிராவை எடுத்து வரலாம். அது அங்கேயேதான் இருக்கும்.